பாதையைப் பூட்டுவது யார்?

2025ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. பாறையும் புல்லும் சதுப்பும் நிறைந்த பரந்த வெளி. அங்குள்ள மேய்ச்சல் பொதுநிலங்களில் ஜனங்கள் கூடாரம் அடித்து இரவு தங்கலாமா, கூடாதா என்பதுதான் வழக்கு. அங்கே சுமார் 4,000 ஏக்கரை விலைக்கு வாங்கிய ஒரு நிதிச் சந்தைச் சீமான், தம்முடைய அனுமதியின்றி எவரும் தங்கக்கூடாது என்று வழக்குத் தொடுத்தார். 2023 ஜனவரியில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கான ஜனங்கள் அந்த மேட்டுநிலத்திலேயே திரண்டு நின்று தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். ஜூலையில் அப்பீல் நீதிமன்றம் தீர்ப்பை மாற்றிற்று. கடைசியில் உச்ச நீதிமன்றமும் சீமானின் அப்பீலைத் தள்ளிவிட்டது.

இந்த வழக்கு முழுவதும் 1985ஆம் ஆண்டின் டார்ட்மூர் பொதுநிலச் சட்டத்தில் உள்ள ஒரு வாசகத்தைச் சுற்றியே நடந்தது. திறந்தவெளியில் பொழுதுபோக்க ஜனங்கள் கால்நடையாகவும் குதிரை மீதும் அந்த நிலத்திற்குள் செல்ல உரிமை உண்டு என்கிறது அந்த வாசகம். கூடாரத்தைப் பற்றிய வாதத்தை நீதிபதிகள் தீர்த்து வைத்துவிட்டார்கள். நாம் கவனிக்க விரும்புவது “குதிரை மீதும்” என்ற இரண்டே இரண்டு சொற்களை. ஏனென்றால், இங்கிலாந்தின் மலைகளிலும் பொட்டல்களிலும் ஜனங்கள் உலாவுவதற்காக 2000ஆம் ஆண்டில் செய்யப்பட்ட பொதுச் சட்டத்தில் இந்தச் சொற்கள் இல்லை. நடந்து வருகிறவன் உள்ளே போகலாம். குதிரையுடன் வருகிறவன் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும்.

ஆலையில் தறி ஓட்டுகிறவனுக்கும், வயலில் நாற்று நடுகிறவளுக்கும் சீமை நாட்டுக் குதிரைச் சவாரியைப் பற்றி என்ன கவலை என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சவாரி நமக்கு முக்கியமில்லை. பாதை முக்கியம். பொதுப்பாதையில் யார் போகலாம், எப்படிப் போகலாம், அதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி எந்த நாட்டு உழைப்பாளிக்கும் அந்நியமானதல்ல. இங்கிலாந்திலே இந்தக் கேள்விக்காகச் சிறை சென்றவர்களும் நம்மைப் போன்ற தொழிலாளிகளே.

பொதிக்குதிரை போட்ட பாதை

இங்கிலாந்தின் நடுவே முதுகெலும்பு போல ஓடுகிறது பென்னைன் மலைத்தொடர். அதன் இருபுறமும்தான் லங்காஷயர், யார்க்ஷயர் நெசவாலை நகரங்கள். ரயிலும் கால்வாயும் நல்ல சாலையும் வருவதற்கு முன்பு அந்த மலையைத் தாண்டிப் போன கம்பளியும் உப்பும் துணியும் பொதிக்குதிரைகளின் முதுகிலே போயின. நம் நாட்டில் பொதிமாட்டுக்காரர்கள் கணவாய்களைத் தாண்டிச் சரக்குக் கொண்டுபோனது போலத்தான். வரிசையாகக் குதிரைகள், கூடவே நடக்கும் கூலிக்காரர்கள். சதுப்பில் குளம்பு புதையாதிருக்கக் கல் பாவினார்கள். ஓடைகளின் மேல், பொதி இடிக்காதபடி தாழ்ந்த கைப்பிடிச் சுவர் வைத்துக் குறுகலான பாலங்கள் கட்டினார்கள். இன்றைக்குக் “குதிரைப் பாதை” என்று அங்கே சட்டப்படி குறிக்கப்படும் வழிகளில் பல, இப்படி உழைப்பாளிகளின் காலும் குளம்பும் போட்டவை.

கிண்டர் ஸ்கவுட் என்ற மலையின் பக்கத்தில் “யாக்கோபின் ஏணி” என்று ஓரிடம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அங்கே குடியிருந்த யாக்கோபு மார்ஷல் என்ற பொதிக்குதிரைக்காரர் செங்குத்தான சரிவிலே படி வெட்டினார் என்பார்கள். குதிரை வளைந்து வளைந்து சுற்றுவழியிலே ஏறும். அவர் படியிலே நேராக ஏறி, மேலே போய்க் காத்திருப்பார். ஒரே சரிவில் மனிதனுக்கு ஒரு வழி, குதிரைக்கு ஒரு வழி. இரண்டுக்கும் இடமிருந்தது. சண்டை எழவில்லை. இந்த எளிய ஏற்பாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் வரும் வாதங்களுக்கெல்லாம் அது ஓர் அளவுகோல்.

வேலி வந்தது

பிறகு வேலி வந்தது. 1604 முதல் 1914 வரை 5,200க்கு மேற்பட்ட தனித்தனிச் சட்டங்களைப் பார்லிமெண்ட் நிறைவேற்றி, சுமார் 68 லட்சம் ஏக்கர் நிலத்தைப் பிரபுக்களின் வேலிக்குள் அடைத்தது. ஆடு மேய்த்தவன், விறகு பொறுக்கியவன், கரி வெட்டியவன் எல்லோரும் வெளியே தள்ளப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு ஆலை வாசல் ஒன்றே மிஞ்சியது. நிலம் போனபின் பாதையும் போக வேண்டாமா? 1815ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. ஒரு பாதை “தேவையில்லை” என்று இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் கையெழுத்திட்டால் போதும், பாதை மூடப்படும். அந்தக் காலத்துக் கிராமப்புற மாஜிஸ்திரேட்டுகள் யார்? பெரும்பாலும் நிலப்பிரபுக்களே. நிலமும் அவர்களுடையது, பேனாவும் அவர்களுடையது.

மூடிய பொட்டல்களில் பிரபுக்கள் என்ன விளைவித்தார்கள்? காட்டுக்கோழி போன்ற ஒரு பறவையை வளர்த்தார்கள், ஆண்டில் சில வாரங்கள் நண்பர்களுடன் வந்து சுட்டு மகிழ்வதற்காக. அதற்காக ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குக் காவல்.

1896ஆம் ஆண்டில் போல்டன் நகரில் நடந்ததைக் கேளுங்கள். போல்டன் ஒரு நெசவாலை நகரம். நகருக்கு மேலே வின்டர் ஹில் என்ற மலை. துணி வெளுக்கும் ஆலையின் முதலாளி ஒருவரே அந்த மலைக்கும் உடைமையாளர். ஜனங்கள் காலங்காலமாகப் போய்வந்த மலைவழியை வேட்டைக்காக அவர் கதவு போட்டு அடைத்தார். செப்டம்பர் 6ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சோஷலிஸ்டுகள் அழைப்பு விடுத்தார்கள். சுமார் 10,000 பேர் திரண்டு மலையேறினார்கள். வாரமெல்லாம் ஆலைப் புகையைக் குடித்தவர்கள் ஒரு நாள் காற்றுக்காகக் கதவைத் தள்ளினார்கள். முதலாளி கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டு அவர் பக்கம் நின்றது. பாதை முறைப்படி பொதுவாவதற்கு நூறு ஆண்டுகள் பிடித்தன. 1996இல்தான் ஆயிற்று.

கிண்டர் மலையில் 1932

போல்டனில் பற்றிய நெருப்பு அணையவில்லை. 1932 ஏப்ரல் 24ஆம் தேதி, மான்செஸ்டர் நகரத்து இளந்தொழிலாளிகள் ஹேஃபீல்டு கிராமத்திலுள்ள ஒரு பழைய கல்வெட்டாங்குழியில் கூடினார்கள். அழைத்தது பிரிட்டிஷ் தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனம். தலைமை வகித்தவர் பென்னி ராத்மன், வயது 20, மோட்டார் மெக்கானிக், கம்யூனிஸ்ட் வாலிபர் கழகத்தவர். ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்கும் என்று அறிந்து அவர் சைக்கிளிலே வந்து சேர்ந்தார். சுமார் 400 பேர் யாக்கோபின் ஏணிக்குப் பக்கத்து மலையான கிண்டர் மீது ஏறினார்கள். மலை டெவன்ஷயர் பிரபுவுக்குச் சொந்தம். பிரபுவின் காவலாளிகள் தடியோடு தடுத்தார்கள். கைகலப்பு நேர்ந்தது. ஆனாலும் ஜனங்கள் மேலே சென்றார்கள். ஷெப்பீல்டிலிருந்து மறுபக்கமாக ஏறி வந்த தொழிலாளிகளைச் சந்தித்தார்கள்.

இறங்கி வந்ததும் கைது. அத்துமீறி நுழைவது அந்நாட்டுச் சட்டப்படி கிரிமினல் குற்றமில்லை. ஆகவே கலகம் செய்ததாக வழக்கு ஜோடிக்கப்பட்டது. ராணுவ அதிகாரிகளும் நாட்டுப்புறச் சீமான்களும் நிறைந்த ஜூரிகளின் முன் நிறுத்தினார்கள். ஐந்து வாலிபர்களுக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம்.

அன்றைக்கு இருந்த மிதவாத நடைச் சங்கங்கள் இந்தப் போராட்டத்தை ஆதரிக்கவில்லை. மனுக் கொடுத்துக்கொண்டிருந்த காரியம் கெட்டுவிடும் என்றார்கள். ஆனால் சிறைத் தண்டனை வந்ததும் நாட்டின் மனம் மாறிற்று. சில வாரங்களில் அதே மலைப்பகுதியில் ஆயிரக்கணக்கானோர் கூடி உரிமை கேட்டார்கள். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது கிண்டர் அடங்கிய பகுதியே. 2002இல், எழுபதாம் ஆண்டு நினைவு நாளில், அந்தப் பிரபுவின் பேரன் ஹேஃபீல்டுக்கு வந்து, தன் குடும்பம் அன்று செய்ததற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அதைக் கேட்க ராத்மன் உயிரோடில்லை. அவ்வாண்டு ஜனவரியில்தான் காலமானார்.

பாதி உரிமை

1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பெரிய காரியம் செய்தது. ஒவ்வொரு ஜில்லாக் கவுன்சிலும் தன் எல்லையிலுள்ள பொதுப்பாதைகளை வரைபடத்தில் பதிய வேண்டும் என்றது. பதிந்த பாதையை நிலக்காரன் இஷ்டம்போல் மறுக்க முடியாது. இன்று இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 1,40,000 மைல் பொதுப்பாதை உண்டு. மஞ்சள் அம்பு போட்டது நடப்பவருக்கு. நீல அம்பு போட்டது குதிரைப் பாதை. அதிலே நடக்கலாம், குதிரையில் போகலாம், சைக்கிளிலும் போகலாம். ஆனால் மொத்தப் பாதையில் குதிரை போகக்கூடியது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அதுவும் துண்டு துண்டாக. ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குப் போக வேண்டுமென்றால், மோட்டாரும் லாரியும் பறக்கும் சாலையிலே குதிரையை ஓட்ட வேண்டும். உயிருக்கு ஆபத்து. 2022இல் சாலை விதியைத் திருத்தி, குதிரையைக் கடக்கும் வண்டி மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக்கூடாது, இரண்டு மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று எழுதினார்கள். விதி நல்லது. ஆனால் பாதையைத் துண்டித்தபின் சாலையில் விதி எழுதுவது, பள்ளத்தை மூடாமல் விளக்கு ஏற்றி வைப்பது போன்றது.

2000ஆம் ஆண்டில் சர்க்கார் உலாவும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இங்கிலாந்து நிலப்பரப்பில் சுமார் எட்டு சதவீதம் திறக்கப்பட்டது. கிண்டர் வீரர்களின் கனவு ஓரளவு நனவாயிற்று. ஆனால் உரிமை நடப்பவனுக்கு மட்டும். அரசு வனங்களிலும் அப்படியே. நடப்பவனுக்கு உரிமை, குதிரைக்காரனுக்குப் பல இடங்களில் அனுமதி மட்டும்.

உரிமைக்கும் அனுமதிக்கும் உள்ள வேறுபாட்டை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சட்டப்படி வரும் போனஸும், முதலாளி மனம் குளிர்ந்து தரும் இனாமும் ஒன்றா? இனாம் இந்த ஆண்டு வரும், அடுத்த ஆண்டு நிற்கும். கேட்கப் போனால் “நன்றி கெட்டவன்” என்ற பட்டம்.

இதில் இன்னொரு சூதும் உண்டு. குதிரைக்காரனை வெளியே நிறுத்திவிட்டு நடப்பவனை உள்ளே விட்டால் இருவரும் ஒருவரையொருவர் சந்தேகிப்பார்கள். “குதிரை வந்தால் பாதை சேறாகும்” என்பான் இவன். “உனக்கு மட்டும் உரிமை, எனக்கில்லையா” என்பான் அவன். இருவரும் சைக்கிள்காரனைத் திட்டுவார்கள். எட்டு சதவீதத்துக்குள் இவர்கள் இடித்துக்கொண்டிருக்கையில், மற்ற நிலத்தை வைத்திருப்பவன் நிம்மதியாகத் தூங்குவான். இங்கிலாந்து நிலத்தில் பாதி, மக்கள் தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்கள் கையில் இருப்பதாக 2019இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது. சண்டை எங்கே நடக்க வேண்டும் என்பதை அந்தக் கணக்கே காட்டும்.

குளம்பும் சேறும்

குதிரை பாதையைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டு முழுப் பொய்யா? இல்லை. உண்மையை மறைத்து நாம் யாருக்கும் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

ஒரு சவாரிக் குதிரை ஐந்நூறு கிலோ வரை எடை இருக்கும். அந்த எடை முழுவதும் இரும்பு லாடம் அடித்த நான்கு குளம்புகளில் இறங்குகிறது. காய்ந்த கெட்டித் தரையில் பாதகமில்லை. ஈரமான சதுப்பு மண்ணிலோ குளம்பு ஆழமாகப் பதியும். பதிந்த குழியில் நீர் நிற்கும். சரிவாக இருந்தால் குழிகள் சேர்ந்து வாய்க்காலாகும். அடுத்து வருகிறவன் சேற்றுக்குப் பயந்து ஓரமாக மிதிப்பான். பாதை இரு பக்கமும் அகன்று புல்லைத் தின்னும். வரப்பில் மாடு ஏறிய மழைக்காலத்தை நினைத்தால் நம் விவசாயத் தொழிலாளிக்கு இது கண்முன் தெரியும்.

ஆபத்து வேறு. குதிரை இயல்பாகவே மிரளும் பிராணி. பின்னாலிருந்து ஓசையின்றிச் சைக்கிள் வந்தால் துள்ளும். சவாரி செய்பவர் விழலாம், எதிரே குழந்தையோடு வருகிறவர் மிதிபடலாம்.

இவற்றிற்குப் பரிகாரம் உண்டா? உண்டு. மண் வேலை தெரிந்த எவனும் சொல்லக்கூடியதுதான். நீர் வடிய ஓரக்கால் வெட்டுவது. சதுப்பில் கல் பாவி, சல்லி போட்டுக் கெட்டிப்படுத்துவது. மழைக்காலத்துக்கு மட்டும் வேறு சுற்றுவழி காட்டுவது. அகலம் இருக்கும் இடத்தில் நடைக்கும் குதிரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் தனித்தடம் விடுவது. வளைவில் எதிரே வருவது தெரியும்படி புதர் வெட்டுவது. குதிரை மேலிருந்தபடியே எட்டித் திறக்கும் தாழ்ப்பாள் வைப்பது.

சட்டத்திலும் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. 1968இல் சைக்கிளைக் குதிரைப் பாதையில் அனுமதித்தபோது, நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்று சேர்த்தே எழுதினார்கள். குதிரைப் பாதையில் வைக்கும் கதவு குறைந்தது ஐந்தடி அகலம் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. வயலின் நடுவே போகும் பாதையை உழவுக்காக உழலாம். ஆனால் பதினான்கு நாட்களுக்குள் மீண்டும் பாதையாக்கித் தர வேண்டும். குதிரைப் பாதையானால் இரண்டு மீட்டர், நடைபாதையானால் ஒரு மீட்டர் அகலம். வரப்போரப் பாதையை உழவே கூடாது. பயிரும் வாழ வேண்டும், வழியும் வாழ வேண்டும் என்பதுதான் இதன் சாரம். இதற்கு எந்த உழவனும் விரோதியல்ல.

ஸ்காத்லாந்து காட்டும் வழி

பக்கத்து ஸ்காத்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வேறு விதமாகத் தொடங்குகிறது. வீட்டு முற்றம், விளைந்து நிற்கும் பயிர் போன்றவை நீங்கலாக ஏறக்குறைய எல்லா நிலத்திலும் எல்லோருக்கும் உரிமை. நடந்தோ, சைக்கிளிலோ, குதிரையிலோ போகலாம். ஒரே நிபந்தனை, பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டும். நிலக்காரரும் பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டும்.

அங்கேயும் தகராறு வந்தது. வடக்கே கறுப்புத் தீவு என்னும் பகுதியில் ஒரு சிறு காட்டின் சொந்தக்காரர்கள் நடப்பவர்களை வரவேற்றார்கள், குதிரைக்கும் ஒரு வழி விட்டார்கள். ஆனால் ஒரு தடத்தில் மட்டும் குதிரை போனால் பாதை உளையாகும் என்று தடுத்தார்கள். கவுன்சில் தடையை எடுக்கச் சொல்லிற்று. கீழ்க்கோர்ட்டு கவுன்சில் பக்கம் தீர்ப்பளித்தது. 2009இல் மேல்கோர்ட்டு மாற்றிச் சொன்னது. பாதை கெட்டபின்தான் காக்க வேண்டுமென்பதில்லை. நல்லெண்ணத்தோடு, மற்றவர்களுக்கு வழி விட்டு, ஒரு தடத்தைக் காப்பது பொறுப்பான நடத்தையே என்றது.

இந்தத் தீர்ப்பை நாம் குறை கூறவில்லை. யாக்கோபின் ஏணியைப் போலவே, ஆளுக்கு ஒரு வழி விட்டபின் செய்த ஏற்பாடு அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உரிமை முதலில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. தடுப்பவர் காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. காரணத்தைப் பகிரங்கமாக விசாரிக்கிறார்கள். இங்கிலாந்திலோ நிலைமை தலைகீழ். தடையே பொது விதி. வழி கேட்பவன்தான் ஒவ்வொரு முழத்துக்கும் சாட்சி தேடி அலைய வேண்டும். 2023இல் தொழிற்கட்சி ஸ்காத்லாந்தைப் போன்ற சட்டம் கொண்டுவருவதாக வாக்களித்தது. அவ்வாண்டு அக்டோபருக்குள் அந்த வாக்கைக் கைவிட்டுவிட்டது. நிலப்பிரபுக்களின் குரல் எங்கே எட்டுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

குதிரை மேல் இருப்பது யார்?

குதிரை என்றாலே சீமான் என்ற எண்ணம் நம் மனதிலும் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. லண்டன் ஹைடு பார்க்கில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூன்றாம் வில்லியம் மன்னன் தன் அரண்மனைக்குப் போக ஒரு வழி போட்டு, இரவிலும் ஒளிர 300 எண்ணெய் விளக்குகள் ஏற்றினான். பின்பு அது மேட்டுக்குடிகள் குதிரையில் உலாவித் தங்கள் பவிஷைக் காட்டும் இடமாயிற்று. நரி வேட்டைச் சீமான்கள் நாய்க் கூட்டத்தோடு வயல் வரப்பெல்லாம் பாய்ந்தார்கள். நாய்களை ஏவி நரி வேட்டையாடுவதைத் தடுக்கவே 2004 வரை ஆயிற்று. அவர்களுக்கு எந்த வேலியும் வேலியாக இருந்ததில்லை.

ஆனால் அவர்களை மட்டும் நினைத்து எல்லோரையும் வெறுத்தால், இழப்பு யாருக்கு? நூறு ஏக்கர் சொந்தமாக வைத்திருப்பவனுக்குப் பொதுப்பாதை எதற்கு? அவன் தன் நிலத்திலேயே சவாரி செய்வான். பொதுப்பாதை வேண்டியிருப்பது, மணிக்கணக்கில் வாடகைக் குதிரை எடுக்கும் பெண்ணுக்கு. சவாரிப் பள்ளியில் குறைந்த கூலிக்குச் சாணம் அள்ளும் லாயத்துத் தொழிலாளிக்கு. கால் நடக்க முடியாமல் குதிரை முதுகில் மட்டுமே மலை காணக்கூடிய ஊனமுற்றவருக்கு. பாதையை மூடினால் சீமானுக்கு ஒன்றும் குறையாது. இவர்களுக்கு எல்லாம் குறையும்.

சீமான் வீட்டிலிருந்தும் நல்ல காரியம் வந்ததுண்டு. அதையும் சொல்வது நேர்மை. மேரி டவுன்லி என்ற அம்மையார், பழைய நிலக்குடும்பத்தைச் சேர்ந்தவர், குதிரைப் பாதைகள் எவ்வளவு சீரழிந்து கிடக்கின்றன என்று காட்ட 1986இல் வடக்கே நார்தம்பர்லாந்திலிருந்து டெர்பிஷயர் வரை குதிரையிலே சென்றார். அதன் பலனாக 1995இல் பென்னைன் குதிரைப் பாதைக்கு அங்கீகாரம் கிடைத்தது. 2002இல் அவர் பெயரால் 47 மைல் சுற்றுவழி திறக்கப்பட்டது. பென்னைன் குதிரைப் பாதை ஹேஃபீல்டு கிராமத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. 1932இல் மெக்கானிக் ராத்மன் புறப்பட்ட அதே கிராமம். இன்று அங்கே நடக்கிறவரும் குதிரையில் போகிறவரும் சைக்கிளில் போகிறவரும் ஒருவருக்கொருவர் வழி விட்டுப் போகிறார்கள்.

இருபது வருஷம் நடந்த கால்கள்

வரைபடத்தில் ஏறாமல் விட்டுப்போன பழைய பாதைகள் ஏராளம். 2000ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றிற்கு ஒரு கெடு வைத்தது. 2026 ஜனவரி 1க்குள் பதியாத பழைய வழிகள் அழிந்துபோகும் என்றது. 2023இல் கெடுவை 2031க்குத் தள்ளினார்கள். 2024 டிசம்பரில், கெடுவையே எடுத்துவிடுவதாகச் சர்க்கார் அறிவித்தது. தன்னார்வத் தொண்டர்கள் ஆண்டுக்கணக்காகப் பழைய ஏடுகளைப் புரட்டிக் கிளர்ச்சி செய்ததன் பலன் அது.

அந்த ஏடுகளில் ஒரு வேடிக்கை உண்டு. 1910இல் நிலத்துக்கு வரி போட மதிப்பீடு செய்தார்கள். தன் நிலத்தில் பொதுவழி இருந்தால் மதிப்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சலுகை இருந்தது. பிரபுக்கள் பலர் “ஆமாம், வழி இருக்கிறது” என்று எழுதி வரியைக் குறைத்துக்கொண்டார்கள். வரி கட்டும்போது இருந்த வழி, ஜனங்கள் நடக்க வரும்போது இல்லாமல் போகுமா? இன்றைக்கு அந்த ஏடுகளே அவர்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கின்றன.

ஏடு இல்லாத இடத்தில் கால்களே சாட்சி. இருபது வருஷம் பலாத்காரமின்றி, ஒளிவின்றி, அனுமதி கேட்காமல் ஜனங்கள் ஒரு வழியில் போய்வந்திருந்தால் அது பொதுவழி என்கிறது அந்நாட்டுச் சட்டம். “அனுமதி கேட்காமல்” என்ற சொல்லைக் கவனியுங்கள். நிலக்காரன் “என் தயவால் போகலாம்” என்று பலகை நட்டு, ஜனங்களும் அதை ஏற்றுக்கொண்டு போனால், இருபது வருஷமானாலும் உரிமை பிறக்காது. தயவு உரிமையைக் கொல்லும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

இந்தச் சட்ட நெறி நமக்கும் தூரத்துச் செய்தியல்ல. பிரிட்டிஷார் 1882இல் கொண்டுவந்த இந்திய வழியுரிமைச் சட்டம் தொடக்கத்திலேயே அமலான மாகாணங்களில் சென்னையும் ஒன்று. அடுத்தவர் நிலத்தின் வழியே இருபது வருஷம் அமைதியாக, பகிரங்கமாக, உரிமையாகப் போய்வந்தவனின் வழியை அதுவும் ஒப்புக்கொள்கிறது. வயலுக்குப் போகும் வரப்பு, மயானத்துக்குப் போகும் தடம், ஆலைக்குக் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதை, இவற்றை யாராவது அடைக்க வந்தால் முதலில் கேட்க வேண்டியது, “எத்தனை வருஷமாக இதில் நடக்கிறோம், சாட்சி யார்?” என்பதே. பெரியவர்களின் நினைவை எழுதி வையுங்கள். புலப்படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். “ஐயா தயவால் போகிறோம்” என்று ஒருபோதும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

நமது கருத்து

பொதுநிலத்துக்கு ஒழுங்கு வேண்டும். சேற்றில் குளம்பு இறங்கும் மாதத்தில் வேறு வழி போகச் சொன்னால் அதை மதிக்க வேண்டும். குழந்தை நடக்கும் இடத்தில் குதிரை நிதானிக்க வேண்டும். குஞ்சு பொரிக்கும் பறவைக்கு ஒதுங்கிப் போக வேண்டும். இதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை.

ஆனால் எந்த ஒழுங்கும் மூன்று பரீட்சைகளில் தேற வேண்டும். முதலாவது, உரிமையை ஒப்புக்கொண்டபின் வந்த ஒழுங்கா, உரிமைக்குப் பதிலாக வந்த ஒழுங்கா? இரண்டாவது, காரணம் பகிரங்கமாகச் சொல்லப்பட்டதா? பாதையை உபயோகிக்கிறவர்களையும் பக்கத்தில் உழுகிறவர்களையும் கேட்டார்களா? மூன்றாவது, ஒரு வழியை அடைத்தவர் மறு வழியைத் திறந்தாரா? இம்மூன்றிலும் தேறினால் அது ஜனங்களின் ஒழுங்கு. தேறாவிட்டால் அது பூட்டு. பூட்டின் மேல் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் பூட்டுதான்.

சீட்டுக் கட்டணம் வைத்துப் பொதுநிலத்தில் சவாரியை ஒழுங்கு செய்வதையும் நாம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம். கட்டணம் குதிரையைக் குறைக்காது, ஏழையைக் குறைக்கும். பாதையைப் பழுது பார்க்கப் பணம் வேண்டுமென்றால் பெரிய நிலத்தின் மீது வரி போடட்டும். அந்த வரிப்பணத்தில் பாதை வேலைக்குத் தொழிலாளிகளை நியாயமான கூலியில் அமர்த்தட்டும். கல் பாவத் தெரிந்த கைகள் எந்த நாட்டிலும் வேலையின்றிக் கிடக்கின்றன.

நடப்பவனும் குதிரைக்காரனும் சைக்கிள்காரனும் பாதையில் சந்தித்தால் ஒருவருக்கொருவர் ஒதுங்கி வழி விடட்டும். பூட்டின் முன்னால் சந்தித்தால் மூவரும் தோளோடு தோள் நிற்கட்டும். டார்ட்மூரில் நின்றார்கள், தீர்ப்பு வந்தது. கிண்டரில் நின்றார்கள், காலம் கடந்தேனும் கதவு திறந்தது. நம் ஊர் வரப்பிலும் தடத்திலும் நிற்க வேண்டிய நாள் வரும்போது, போல்டன் நெசவாளியும் மான்செஸ்டர் மெக்கானிக்கும் நமக்கு முன்னால் நடந்து போயிருக்கிறார்கள் என்பதை மறவாதிருப்போம்.